ஓர் இனமும் ஒரு குட்டியும்

1

ரெஸ்ரோரண்டில் வேலை செய்பவர்களுக்குப் பகல் இரண்டாக உடைந்திருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சட்டிபானை கழுவி, நிலம் துடைத்து இரண்டரை மணிக்கு வெளியே வந்தால் ஐந்து மணிக்குத் திரும்பவும் குசினியில் நிற்கவேண்டும். இந்த இடைவெளிக்கு இங்கே சிம்மர்ஸ்ருண்ட என்று பெயர். அறை மணித்தியாலம் என்று சொல்லலாம். வேலையாட்களை ஹோட்டலிலேயே அறை கொடுத்து வைத்திருந்த காலத்துச் சொல். என்னைப் போல அறை தூரத்தில் உள்ளவனுக்கு அது வீட்டுக்குப் போய்வரப் போதாத நேரம். சும்மா நிற்க மிஞ்சிய நேரம். அந்த நேரத்தில்தான் நான் கொம்புள்ள மிருகங்களோடு பழகத் தொடங்கினேன்.

சென்காலன் நகருக்கு மேலே, றொற்மொன்ரன் என்ற மேட்டில், பீற்றர்-பவுல் வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. 1892இல் தொடங்கப்பட்டது. உள்ளே போகக் காசு இல்லை. எனது முதல் வருகைக்கு அதைவிட வேறு காரணம் இருக்கவில்லை. அங்கே ஊர்ஸ் எக்கன்ஸ்வீலர் என்ற சிற்பி 1902இல் கட்டிய செயற்கைக் குன்று ஒன்று உண்டு. தூரத்தில் பார்த்தால் உண்மையான பாறை. அதன் மேல் அல்ப்ஸ் மலையின் ஸ்ரைன்பொக் நிற்கும். கல்லுக் கிடாய் என்று பொருள். தமிழ்நாட்டு மலைகளில் வாழும் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. இக்கட்டுரையில் அதை மலையாடு என்று எழுதுகிறேன்.

முதலில் எனக்கு எல்லாம் ஒரேமாதிரித்தான் தெரிந்தன. மண்ணிற உடம்பு, கட்டையான கால், பின்னோக்கி வளைந்த கொம்பு. இந்நாட்டவருக்கு நாங்கள் எல்லாரும் ஒரேமாதிரித் தெரிவதுபோல என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நாலைந்து மாதம் போனபிறகுதான் ஒன்றையொன்று பிரித்தறிய முடிந்தது. ஒரு மறிக்கு இடக்கொம்பின் நுனி உடைந்திருந்தது. ஒரு கிழட்டுக் கிடாய் எந்நேரமும் உச்சியில்தான் படுத்திருக்கும். மற்றவை வைக்கோலுக்கு ஓடினாலும் அது ஆறுதலாகத்தான் எழும்பும். வேலிக்குக் கிட்ட வந்தால் கண் தெரியும். கிடையாக நீண்ட கண்மணி. அது என்னைப் பார்க்கிறதா, என் பின்னால் நிற்கும் மரத்தைப் பார்க்கிறதா என்று கடைசிவரை நிச்சயமாகச் சொல்லமுடியாது.

பிறகு கொம்பு. தமிழில் நாம் எல்லாவற்றையும் கொம்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஜேர்மன் மொழியில் இரண்டு சொற்கள். புள்ளிமானுக்கும் மரைக்கும் இருப்பது கெவை. அது முழுக்க எலும்பு, கிளைவிடும், வருடத்துக்கொருமுறை விழுந்து திரும்ப முளைக்கும். ஆடு, மாடு, அன்ரிலோப் ஆகியவற்றுக்கு இருப்பது ஹோர்ண். உள்ளே எலும்பு, வெளியே எங்கள் நகத்தைப் போன்ற பொருளாலான உறை. அது கிளைவிடாது, விழாது. ஒருமுறை முளைத்தால் சாகும்வரை அதுதான். அன்ரிலோப்பையும் நாம் மான் என்றே எழுதிவிடுகிறோம். உண்மையில் அது மாட்டுக் குடும்பம். அக்குடும்பத்தில் மாடு, செம்மறி, வெள்ளாடு என்று தெரிந்தவற்றைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய 90 வரையான வகைகளுக்கு மனிதர் இட்ட பொதுப்பெயர் அன்ரிலோப். படிவங்களின் அடியில் 'ஏனையோர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதைப் போல. ஆட்டுக்கும் அன்ரிலோப்புக்கும் நடுவில் எங்கே வைப்பதென்று அறிஞர்களைத் தடுமாறவைத்த கெம்ஸ என்ற மிருகமும் இந்தப் பூங்காவில் இருக்கிறது. கொக்கிபோல வளைந்த சிறு கறுப்புக் கொம்பு. அதைப்பற்றிப் பிறகு சொல்வேன்.

மலையாட்டின் கொம்பு மாரிகாலத்தில் வளர்வதை நிறுத்தும். இலைதுளிர்காலத்தில் திரும்பத் தொடங்கும். நின்ற இடத்தில் ஒரு வளையம் விழும். கிடாயின் கொம்பில் முன்பக்கம் தெரியும் பெரிய முண்டுகளை எண்ணினால் பிழைக்கும். பக்கவாட்டிலுள்ள மெல்லிய கோட்டைத்தான் எண்ணவேண்டும். நல்ல வருடத்தில் கோடுகளுக்கிடையே அகலம் கூட. கெட்ட வருடத்தில் குறைவு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு மந்தை மறைந்துபோய்விட்டது. ஒவ்வொன்றும் தன் வருடங்களைத் தலையில் சுமந்துகொண்டு தனித்தனியாக நின்றது.

2

கிறவுபுண்டன் கன்ரனின் கொடியில் இருப்பது இந்த மலையாடுதான். ஆனால் கொடியில் நின்ற மிருகம் அந்த மண்ணில் இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக இருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே அது முடிந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிஸ் முழுவதிலும் முடிந்தது. இறைச்சிக்காக மட்டும் சுட்டிருந்தால் இவ்வளவு கெதியாக முடிந்திராது. அதன் உடம்பு ஒரு மருந்துக்கடையாகக் கருதப்பட்டது. கொம்பின் தூள், இரத்தம், இரைப்பையில் திரளும் கல், இதயத்திலுள்ள சிலுவை போன்ற சிறு எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் தீரும் என்று நம்பினார்கள். போதாததற்கு, மனிதரைக் கண்டால் ஓடாமல் பாறையில் ஏறி நின்று பார்ப்பது அதன் சுபாவம். ஓநாயிடமிருந்து காப்பாற்றிய சுபாவம் துவக்குக்கு வசதியாகிவிட்டது.

கடைசியில் உலகத்திலேயே ஏறக்குறைய நூறுதான் மிஞ்சின. எல்லாம் இன்று இத்தாலியிலுள்ள கிறான் பரடிசோ மலைகளில். 1821இல் அங்கே வேட்டைக்குத் தடை வந்தது. 1856இல் அரசன் இரண்டாம் விற்றோரியோ இமானுவேலே அதைத் தன் சொந்த வேட்டைக்காடாக்கினான். மற்றவர்கள் சுடக்கூடாதென்று காவல் போட்டது தான் சுடுவதற்காக. ஆனாலும் இனம் தப்பியது அந்தக் காவலால்தான். 1922இல் அது தேசியப் பூங்காவாகியது.

சுவிஸ்காரர் தங்கள் மலையாட்டைத் திரும்பப் பெற விரும்பினார்கள். 1875ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டத்திலேயே அந்த எண்ணம் எழுதப்பட்டிருந்தது. இத்தாலிய அரசகுடும்பம் தரச் சம்மதிக்கவில்லை. வெள்ளாட்டோடு கலந்த கலப்புக் குட்டிகளை மலையில் விட்டுப் பார்த்தார்கள், அவை நிலைக்கவில்லை. பிறகுதான் கள்ளவழி. கிறான் பரடிசோவில் கள்ளவேட்டையாடியவர்கள் பிறந்து சில நாட்களேயான குட்டிகளைப் பிடித்து, மலையெல்லை தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் குட்டிகள் 1906இல் வந்து சேர்ந்த இடம், நான் சிம்மர்ஸ்ருண்டவில் நிற்கும் இதே பூங்கா. அந்த முயற்சியில் முன்னின்றவர்களுள் ரொபேட் மாடர் என்ற ஹோட்டல்காரரும் ஒருவர். சுவிஸ் அதிகாரிகளுக்கும் விஷயம் தெரியும். ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தார்கள். அவை இங்கேயே குட்டி போட்டன. 1911ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி ஐந்து மலையாடுகள் சென்காலன் கன்ரனின் கிறவ ஹோர்ணர் மலைப்பகுதியில் திறந்துவிடப்பட்டன. இன்று சுவிசில் மட்டும் 17,000க்கு மேல். அல்ப்ஸ் முழுவதிலும் ஏறக்குறைய 50,000. அத்தனையும் கிறான் பரடிசோவில் மிஞ்சிய அந்த நூறின் வழிவந்தவை.

எங்கள் குசினியில் 1986இல் இந்நாட்டுக்கு வந்த ஓர் அண்ணை வேலை செய்கிறார். உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருக்கையில் இந்தக் கதையைச் சொன்னேன்.

"எட தம்பி, அப்ப உதும் ஏஜென்சியிலதான் வந்திருக்கு" என்றார். "உதுக்கு மட்டும் உடன வதிவிட அனுமதியும் குடுத்து, கொடியிலையும் போட்டிருக்கிறாங்கள். எனக்குப் பன்ரண்டு வரியம் எடுத்தது."

அன்று குசினி முழுக்கச் சிரித்தோம். எல்லை தாண்டிக் கள்ளமாக வந்த ஒன்றைக் கொண்டாடும் கதை இந்நாட்டிலும் இருக்கிறதே என்பதில் எனக்கு ஒரு திருப்தி. சிலநாள் போனபிறகு அந்தத் திருப்தி கலையத் தொடங்கியது. இந்தக் கதையில் நாங்கள் யார்? நான் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, பயந்து பயந்தென்றாலும், விரும்பி வந்தவன். அந்தக் குட்டியை ஒருவரும் கேட்கவில்லை.

3

ஆனி மாதத்தில் மலையாடு குட்டி போடும். கொம்பு உடைந்த மறியும் ஒன்று போட்டது. ஒருநாள் அந்தக் குட்டி பாறையின் ஒரு தட்டில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்தியது. பெரிய சத்தமில்லை. தாய் கீழே நின்று ஒரே ஒருமுறை குரல் கொடுத்துவிட்டு அசையாமல் மேலே பார்த்தது. கால்மணித்தியாலம் இருக்கும். குட்டி எப்படியோ சறுக்கி இறங்கி முலைக்குப் போனது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் திரும்பிப் பஸ்சில் வரும்போது எனக்கு 1906இன் வேறொரு பக்கம் தெரிந்தது. குட்டி இங்கே வந்துசேர்ந்தது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அங்கே ஒரு தாய் எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த இனத்துக்கு நடந்தது பெரிய நன்மை. அந்தக் குட்டிக்கும் தாய்க்கும் நடந்தது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை அழித்துவிடலாமா? இதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் மெய்யியல் படித்தேன். மூன்றாம் வருடத்தோடு நின்றுபோன படிப்பு. மிச்சத்தை இங்குள்ள நூலகத்தில், அகராதியோடு, துண்டு துண்டாகப் படித்திருக்கிறேன். இக்கேள்வியில் மெய்யியலாளர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். 1949இல் வெளிவந்த நூலில் அமெரிக்கரான அல்டோ லியோபோல்ட், மண்ணும் நீரும் மரமும் மிருகமும் சேர்ந்த முழுச் சமூகத்தின் நலனே சரி பிழையின் அளவுகோல் என்ற கருத்தை வைத்தார். 1983இல் ரொம் றீகன் அதற்கு எதிராக எழுதினார். உயிர்வாழ்வதை உணரும் ஒவ்வொரு மிருகத்துக்கும் தனக்கென்று ஒரு பெறுமதி உண்டு. முழுமையின் பெயரால் அதைப் பலியிடலாம் என்பது ஒருவகைப் பாசிசம் என்று கடுமையாகவே சொன்னார். சுவிசின் அரசியலமைப்பு 1992ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் மூலம் படைப்புயிரின் மாண்பு என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது. மிருகங்களின் மாண்பை மதிக்கவேண்டும் என்று இங்குள்ள மிருகப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. ஆக, இரண்டு பக்கமும் இந்நாட்டின் சட்டத்துக்குள் இருக்கின்றன: இனத்தைக் காக்கவும் வேண்டும், ஒன்றை மதிக்கவும் வேண்டும்.

றீகனின் பக்கம் சாய்ந்துவிடுவது எனக்கு இலகு. ஆனால் ஒரு அன்ரிலோப் என்னைத் தடுக்கிறது. அராபியப் பாலைவனத்து ஒறிக்ஸ். வெள்ளை உடம்பு, ஈட்டிபோல இரண்டு நேர்க்கொம்பு. துவக்கும் மோட்டார் வாகனமும் சேர்ந்து அதைத் துடைத்தழித்தன. 1972இல் காட்டில் கடைசி ஒறிக்ஸ் சுடப்பட்டது. ஆனால் அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னரே சிலவற்றைப் பிடித்து, வேறு இடங்களிலிருந்து பெற்றவற்றோடு சேர்த்து, அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர மிருகக்காட்சிச்சாலையில் ஒன்பதுடன் ஒரு மந்தையைத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிடிப்பு நடக்காதிருந்தால் இன்று ஒறிக்ஸ் என்பது ஒரு படம் மட்டுமே. 1982இல் ஓமானில் அவற்றைத் திரும்பவும் திறந்துவிட்டார்கள். 1996 அளவில் அங்கே 450 வரை பெருகின.

அதன்பிறகு நடந்ததுதான் யோசிக்கவைப்பது. அந்த ஒறிக்ஸ்களை மறுபடியும் உயிரோடு பிடித்து எல்லை தாண்டிக் கொண்டுபோனார்கள். இம்முறை பணக்காரரின் தனிப்பட்ட சேகரிப்புகளுக்கு விற்க. 450 இருந்த இடத்தில் 65 மிஞ்சியது. ஓமான் அரசு அந்தச் சரணாலயத்தின் பரப்பில் 90 வீதத்தை வெட்டிக் குறைத்தது. 2007இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

செயல் ஒன்றேதான்: உயிரோடு பிடி, தாயிடமிருந்து பிரி, எல்லை தாண்டு. ஓரிடத்தில் அது இனத்தைக் காத்தது, இன்னோரிடத்தில் கெடுத்தது. அப்படியென்றால் நோக்கம்தான் எல்லாம் என்று சொல்லிவிடலாமா? நல்ல நோக்கத்துக்காகப் பிடித்தால் குட்டியின் கத்தல் கேட்காமல் போய்விடுமா? பிடிபட்ட குட்டிக்குப் பிடிப்பவனின் நோக்கம் தெரியாது. அதற்குத் தெரிவது ஒரு கை மட்டும்.

4

புரட்டாதி பிறந்தால் எங்கள் குசினியில் வேட்டை இறைச்சிக் காலம். கார்த்திகைவரை நீடிக்கும். மான் இறைச்சியும் கெம்ஸ இறைச்சியும் சிவப்பு வைனில் நாட்கணக்காக ஊறும். சிவப்புக் கோவா அவியும். இனிப்பில் புரட்டிய செஸ்நட், பியர் பழத்தின் குழியில் காட்டுப்பழ ஜாம். இறைச்சியை வெட்டி ஊறவைப்பது என் வேலை. வைனும் ஏலமில்லாத கறுவாவும் கிராம்பும் மணக்கும்போது ஏதோ ஊர்க் கலியாணவீட்டுக்குப் பிழையான வழியால் வந்துவிட்டதுபோல இருக்கும்.

வழமையாக இறைச்சி துண்டாகத்தான் வரும். ஒருமுறை வேட்டைக்காரர் ஒருவர் தோலோடும் தலையோடும் ஒரு கெம்ஸவைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார். நல்ல மனிதர். தொப்பியில் ஒரு பைன் கொப்பு செருகியிருந்தது. எனக்குக் கொம்பில் அக்கறை என்று கண்டதும் அதன் கொக்கிக் கொம்பை விரலால் தடவி வயது எண்ணிக் காட்டினார். முதல் மூன்று நாலு வருடம் நீளமாக வளரும்; பிறகு வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் மட்டும். இதற்கு மூன்று வயது. மில்லிமீற்றர் வருடங்கள் இன்னும் தொடங்கவில்லை.

"பெஸ்ராண்ட் நன்றாக இருக்கிறது" என்றார் அவர். பெஸ்ராண்ட் என்றால் இருப்பு. எங்கள் களஞ்சிய அறையில் எத்தனை கிலோ மா, எத்தனை போத்தல் எண்ணெய் என்று மாதமுடிவில் நான் எழுதும் தாளிலும் அதே சொல்தான் இருக்கிறது. மலையிலுள்ள மிருகத்துக்கும் களஞ்சியத்திலுள்ள மாவுக்கும் ஒரே சொல். மலையாட்டுக்கும் அப்படித்தான். அது பாதுகாக்கப்பட்ட இனம். ஆனால் 1977இலிருந்து, பெருகிய இடங்களில், ஒவ்வொரு வருடமும் குறித்த தொகையைச் சுட அனுமதி உண்டு. கள்ளமாகக் கொண்டுவந்து, பாலூட்டி, கொடியில் ஏற்றி, இப்போது எண்ணிச் சுடுகிறார்கள். இதில் முரண்பாடு இல்லை என்று வேட்டைக்காரர் விளங்கப்படுத்தினார். ஓநாய் இல்லாத மலையில் மந்தை அளவுக்கு மீறினால் புல் முடியும், நோய் வரும், எல்லாம் சாகும். இனத்தின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

நான் அந்தக் கெம்ஸவை வெட்டினேன். வேலையை விடவில்லை, இறைச்சி தின்பதையும் விடவில்லை. இதை மறைத்து எழுதினால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். ஆனால் அன்றைக்கு நான் வெட்டியது பெஸ்ராண்டை அல்ல, மூன்று வயதான ஒன்றை என்பது என் கைக்குத் தெரிந்திருந்தது. கைக்குத் தெரிவதால் கெம்ஸவுக்கு ஒரு நன்மையும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

5

தமிழில் விலங்கின் வகைக்கும் இனம் என்கிறோம். எங்களையும் இனம் என்கிறோம். இச்சொல்லை இவ்வளவு தூரம் நான் சும்மா பாவித்துக்கொண்டு வரவில்லை.

சமாதான காலத்தில், 2002க்குப் பிறகு, பள்ளிக்கூட விடுமுறைக்கு வன்னியில் சித்தி வீட்டுக்குப் போவேன். சித்தப்பாவின் வயலுக்கு இரவில் மரை வரும். காட்டில் பொறுக்கிய, விழுந்த மரைக்கொம்பு ஒன்று விறாந்தைச் சுவரில் இருந்தது. அதில்தான் சித்தியின் மகன் புத்தகப் பையைக் கொழுவுவான். என்னைவிட மூன்று வயது இளையவன். காலையில் வரம்பில் குளம்படியைப் பார்த்து மரையா, மானா, எருமையா என்று சொல்லுவான். பிழைத்தது குறைவு. 2006இல் பாதை பூட்டியபின் நான் அவனைக் காணவில்லை. 2008இல், வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்ட காலத்தில், அவனைக் கொண்டுபோனார்கள். பதினேழு வயது. இனத்துக்காக என்று சொன்னார்கள். அவர்கள் அதை நம்பியே சொன்னார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். சித்தி படலையில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். 2009 வைகாசியில் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு ஒரு தகவலும் இல்லை.

மறுபக்கத்திலும் இனமாகத்தான் எண்ணினார்கள். காவலரணில் அடையாள அட்டையை நீட்டும்போது அதில் அவர்கள் வாசித்தது என் பெயரையல்ல.

2012இல் இங்கே தஞ்சம் கோரியபோது கணக்கு தலைகீழானது. தமிழன் என்பது போதாது. உமக்கு, உமக்கென்று, என்ன நடந்தது என்று கேட்டார்கள். அகதிச் சட்டம் அப்படித்தான். ஆள் ஆளாகத்தான் பார்க்கும். நான் தம்பியைப்பற்றிச் சொன்னேன். அது அவருடைய கதை, உம்முடையதைச் சொல்லும் என்றார் விசாரித்தவர். ஊரில் இனமாக மட்டும் எண்ணப்பட்டவன் இங்கே ஒற்றையாளாக மட்டும் நிற்கவேண்டியிருந்தது. இரண்டிலும் நான் முழுதாக இல்லை.

ஆகவே இனம் என்பது வெறும் சொல் என்று சொல்ல நான் வரவில்லை. இனம் இல்லாமல் ஒன்று வாழாது. மலையாட்டுக்கும் மொழி ஒன்று பேசும் மனிதருக்கும் அது பொது. சுத்தமான இனம் என்றும் எதுவும் இல்லை. கலப்புக் குட்டிகளை ஒதுக்கிவிட்டுத் தூய மலையாட்டைத் தேடிக் கள்ளவழியால் போனார்களே, அந்த மலையாட்டின் நோயெதிர்ப்பு மரபணுக்களில் ஒரு பகுதியே வீட்டு வெள்ளாட்டிலிருந்து வந்தது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நான் சொல்ல வருவது இதுதான்: இனத்துக்காகச் செய்த ஒன்று சரியாகவேகூட இருக்கலாம். அதனால் அந்த ஒன்றுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிடாது. 50,000 மலையாடு இன்று நிற்பது 1906இன் தாய்க்குப் பதிலல்ல. அது வேறு கணக்கு. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி ஒன்றால் மற்றதைக் கழிப்பவர்கள், அரசனானாலும் விடுதலை செய்ய வந்தவரானாலும் அறிவியலாளரானாலும், அடுத்த குட்டியை இன்னும் இலகுவாகக் கேட்பார்கள்.

அப்படியானால் 1906இல் அவற்றைக் கொண்டுவராமல் விட்டிருக்கவேண்டுமா? அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. எடுத்தவர்கள் எடுத்ததை எடுத்தோம் என்று சொல்லவேண்டும். எதை, யாரிடமிருந்து என்று தெரிந்திருக்கவேண்டும். கிட்டப் போய்ப் பழகுவதன் பயன் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அது கையைத் தடுத்துவிடும் என்று உறுதியில்லை. என் கையைத் தடுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைக் காட்டித் தப்புவதைத் தடுக்கும்.

6

எங்களிடம் ஒரு பழைய கதை இருக்கிறது. தேரில் போன இளவரசன் ஒரு கன்றைக் கொன்றுவிட, தாய்ப்பசு அரண்மனைக்குப் போய்க் கொம்பால் ஆராய்ச்சி மணியை அடித்தது. சோழநாட்டில் அதை மனுநீதிச் சோழன் கதை என்கிறோம். மகாவம்சம் அதே கதையை அநுராதபுரத்து எல்லாளனுக்குச் சொல்கிறது. சிங்களவரும் தமிழரும் பங்குபோடாமல் பொதுவாக வைத்திருக்கும் சில கதைகளில் இது ஒன்று. சின்ன வயதில் அரசனின் நீதிக்காக இதைப் படித்தோம். மகனைக் கொன்ற அந்தத் தீர்ப்பு இன்று எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொரு தாயின் பிள்ளையை எடுத்துக் கணக்குத் தீர்க்கிறது அது. இப்போது எனக்குப் பசுதான் முக்கியம். நாட்டில் ஆயிரம் கன்று இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்கலாம். அது தன் ஒன்றுக்காக மணியை அடித்தது.

2017 மாசியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். சித்தி முழங்கால் வருத்தத்தோடும் அங்கே போய் இருந்திருக்கிறாள், மடியில் அவன் படத்துடன். போனில் ஒருநாள் சொன்னாள்:

"எல்லாரும் கணக்குத்தான் சொல்லுகினம் தம்பி. இத்தினை ஆயிரம், இத்தினை ஆயிரம் எண்டு. என்ர பிள்ளை அதிலை எத்தினையாவது எண்டு ஒருத்தரும் சொல்லுகினமில்லை."

நான் மறுமொழி சொல்லவில்லை. சிம்மர்ஸ்ருண்ட முடிய இருபது நிமிடம் இருந்தது. வேலிக்கு மறுபக்கம் கொம்பு உடைந்த மறி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. குட்டி இப்போது வளர்ந்துவிட்டது. விரல் நீளத்துக்குக் கொம்பு. அடியில் முதல் மாரியின் வளையம் விழுந்திருந்தது. சித்தியிடம் அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு, விறாந்தைச் சுவரில் அந்த மரைக்கொம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"வீடே இல்லை, கொம்பு எங்கை" என்றாள். கொஞ்சநேரம் பொறுத்து, "நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்றேன். ஐந்து மணிக்குக் குசினியில் நின்றேன்.